முழுக்கக் கணவரின் பராமரிப்பில்

சக்கராப்பள்ளியில் எந்த வீட்டிலாவது விசா என்று பேச்செழுந்தால் அடுத்த வார்த்தை ஜெகபர் அலியைப் பற்றியதாகத்தான் இருக்கும். அவர்ட்ட கொடுத்துரு, கைராசிக்காரர் என்பார்கள். கைராசியாவது ஒன்றாவது. மனுசர் இருபத்திரண்டு வருசம் குவைத்தில் ஒரு கம்பெனிக்காக விசா ஆபீஸ் வாசல்களில் காகிதம் சுமந்தவர். எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் கவுண்ட்டரில் இருப்பவர் தலை நிமிராமல் முத்திரை குத்துவார் என்பது அவருக்கு அத்துப்படி. ஊர் திரும்பிப் பத்து வருசத்துக்கு மேலாகிறது. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து முன்னறையில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை யாருக்காவது எழுதிக்கொண்டிருப்பார். எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டதே என்றால், ஆகட்டுமே, அவர் தாளில் எழுதித் தருவதைப் பார்த்துத்தான் அய்யம்பேட்டை பிரவுசிங் சென்டரில் இன்றைக்கும் தட்டுகிறார்கள். ஒரு டீக்கு மேல் யாரிடமும் வாங்கமாட்டார். அடித்தல் திருத்தல் கிடையாது. தாளின் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓரம் எதுக்குன்னா ஃபைல்ல கோக்கறதுக்கு, ஒங் கதைய எழுதறதுக்கில்ல என்பார்.

அப்பேர்ப்பட்டவர் எழுதிய காகிதம் ஒன்று, அதுவும் சொந்த மருமகளுக்காக எழுதியது, மலேசியாவில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

ஐப்பசி மழை மூன்றாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்த முற்பகல். ரசியா பேகம் தாளிச்சாவுக்குப் பருப்பை அடுப்பில் போட்டுவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஜெகபர் அலி கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மருமகள் இர்ஃபானா தன் அறையிலிருந்து திறந்த லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். சாதாரணமாக அந்த நேரத்தில் அவள் வெளியே வரமாட்டாள்.

"மாமா, மலேசியாவுல தங்கறதுக்குப் பாஸ் குடுக்குற ஆபீஸ்லேர்ந்து மெயில் வந்துருக்கு. ஒரு விளக்கம் கேக்குறாங்க. ஏழு வேலை நாள்தான் டயம்."

என்ன விளக்கமாம் என்று கேட்டார். இங்கிலீஷில் இருந்ததை மெதுவாகத் தமிழில் சொன்னாள். விண்ணப்பத்தில் சுயதொழில் செய்பவர் என்றிருக்கிறது. கூட இணைத்த உறுதிமொழிப் பத்திரத்திலோ, இவர் இல்லத்தரசி, தனக்கென்று வருமானம் ஏதும் இல்லாதவர், முழுக்கக் கணவரின் பராமரிப்பில் வாழ்பவர் என்று மாமனார் சத்தியம் செய்திருக்கிறார். இரண்டில் எது உண்மை?

ஜெகபர் அலி பேப்பரை மடித்து வைத்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அந்தப் பத்திரத்தை யாரும் அவரிடம் கேட்கவில்லை. பாஸ் ஆபீஸ் கேட்ட காகிதங்களில் அது இல்லவே இல்லை. ஆனால் குடும்பப் பத்திரம் இல்லாத ஃபைலை அவர் வாழ்நாளில் அனுப்பியதில்லை. இருக்கட்டும், கூட ஒண்ணு இருந்தா தப்பில்ல என்று தானாகவே பாபநாசம் போய், பழைய நகலைப் பார்த்து டைப் அடிக்கச் சொல்லி, நோட்டரி முத்திரையோடு கொண்டுவந்து மருமகளிடம் கொடுத்தார். மாமா எழுதியதைப் படித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று அவளும் அப்படியே ஏற்றிவிட்டாள்.

குவைத் குடும்ப விசாவுக்கு அந்த வாசகம் உயிர்நாடி. சம்பாதிக்கிறவன் புருசன், அவனை நம்பியிருப்பவள் பெண்டாட்டி, அதனால் அவளை அவனிடம் அனுப்புங்கள். ஊரில் நூறு வீட்டுப் பெண்களுக்கு அவர் கை அதை எழுதியிருக்கிறது. ஆனால் இது அந்த விசா இல்லை. மலேசியாவில் தங்கிக்கொண்டு, மலேசியாக்காரனிடம் ஒரு வேலையும் வாங்காமல், வேறு தேசத்துக் கம்பெனிகளுக்கு லேப்டாப்பில் செய்கிற தொழிலைத் தொடரலாம் என்று கொடுக்கிற பாஸ். இதில் புருசன் வருமானத்துக்கு வேலையே இல்லை. அவளுடைய தொழிலும் அவளுடைய வருமானமும்தான் கணக்கு.

அவள் ஏன் இதற்குப் போனாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மகன் ஜாஃபர் சாதிக் மலேசியாவின் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தொழிலாளி பெர்மிட்டில் இருக்கிறான். அந்தப் பெர்மிட்டில் குடும்பத்தை அழைக்க முடியாது. இரண்டு வருசத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. கல்யாணமாகி எட்டு வருசத்தில் புருசனும் பெண்டாட்டியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது எல்லாம் சேர்த்து ஒன்பது மாதம். ஆறு வயது மகள் ஆஷிகாவுக்கு அத்தா என்றால் போன்தான். போன் கண்ணாடியில் முத்தம் கொடுத்துவிட்டு, முந்தானை முனையால் அம்மா துடைப்பதைப் பார்த்து, தானும் சட்டைக் கையால் துடைத்து வைப்பாள். இப்போது பெர்மிட் இன்னும் மூன்று வருசத்துக்கு நீண்டிருக்கிறது. பாஸ் கிடைத்தால் மூன்று பேரும் ஒரே வீட்டில் சோறு உண்பார்கள். கிடைக்காவிட்டால் ஆஷிகாவுக்கு ஒன்பது வயதாகிவிடும்.

சுற்றிப் பார்க்கிற விசாவில் போய், சத்தமில்லாமல் அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டு, நாள் முடிகிறபோது தாய்லாந்து எல்லை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவதுதான் ஊரில் எல்லாரும் சொன்ன வழி. ஜெகபர் அலியும் அதைத்தான் சொன்னார். அப்போது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நான் பாக்குறது திருட்டு வேலை இல்லையே மாமா. அத ஏன் ஒளிச்சு வச்சுப் பாக்கணும்?" எண்பத்தேழில் ஜெகபர் அலியே விசிட் விசாவில் மலேசியா போய்க் கிள்ளானில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். ரெய்டு வந்த அன்று கூரைக்கும் பலகைக்கும் நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கீழே பூட்ஸ் சத்தத்தை எண்ணியவர். அப்படிப் படுத்த ஆளுக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

அன்று மதியம் அவர் சோற்றில் கை வைக்கவில்லை. ஜாஃபர் சாதிக் போனில் வந்தான். அத்தா எழுதுனதா, அத்தாவா என்று இரண்டு தடவை கேட்டான். அப்புறம் அவனே அடங்கி, சரி விடு, ஒரு மாசம் விசிட்லயாவது புள்ளயத் தூக்கிட்டு வா, பாத்துக்கலாம் என்றான். இர்ஃபானா, ஏழு நாள் இருக்கு மச்சான், அதுக்குள்ள ஏன் தோத்துப்போறீங்க என்று சொல்லிவிட்டாள். மாமனாரைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

மறுநாள் குடையும் ஃபைலுமாகப் பாபநாசம் பஸ் ஏறினார். கோர்ட்டுக்கு எதிரே அறிவுமதி வக்கீலின் ஆபீஸ். முதல் பத்திரத்துக்கு முத்திரை வைத்ததும் அந்த அம்மாள்தான். மெயிலைப் படித்துவிட்டு, திருத்தி இன்னொரு பத்திரம் போட்டுவிடலாம் என்றார். ஜெகபர் அலிக்கு அப்பாடா என்றிருந்தது. பேனாவை எடுத்தார்.

"இருங்க பாய். சத்தியம் பண்ணுனது நீங்க. அதனால நீங்களேதான் மறுபடி பண்ணணும். அந்தத் தப்பு எப்படி வந்துச்சுன்னு சொல்லணும். உண்மை என்னங்கறதையும் சொல்லணும். ஒங்க மருமக என்ன வேலை பாக்குறாங்க?"

"கம்ப்யூட்டர்லதாங்க."

"கம்ப்யூட்டர்ல என்ன?"

அவர் குடையைக் கை மாற்றிப் பிடித்தார். ஏதோ டிசைன் என்றார். வெளிநாட்டுக் கம்பெனிக்கு என்றார். எந்தக் கம்பெனி, எத்தனை வருசமாக, என்ன டிசைன் என்று வக்கீல் கேட்டுக்கொண்டே போக, ஒரே வீட்டில் எட்டு வருசம் இருந்த மருமகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று ஆயிற்று.

"நேர்ல பாத்து எனக்குத் தெரியும்னு எழுதுனாத்தான் இது செல்லும். கேள்விப்பட்டேன்னு எழுதுனா அவங்க இன்னொரு மெயில் போடுவாங்க. போய்ப் பாத்துட்டு வாங்க," என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பஸ்ஸில் திரும்பும்போது அவருக்குக் காது சுட்டது.

பார்ப்பதென்றால் அறைக்குள் போக வேண்டும். மகனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த அறை வாசலை அவர் மிதித்ததில்லை. ஊர் வழக்கம் அது. முன்பு நெல் மூட்டை அடுக்கிய அறை, இப்போது மருமகளின் அறை. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு போவார். அடுத்த நாள் காலையில் பசியாறிவிட்டு அந்த வாசலில் போய் நின்று கனைத்தார். விஷயத்தைக் கேட்ட ரசியா பேகம் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் உள்ளே சுவரோரம் போட்டு, கதவை அகலத் திறந்து ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்தார். அவர் போய் உட்கார்ந்தார், பெண் பார்க்க வந்தவரைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு. மடியில் நோட்டு.

"நீ பாட்டுக்கு வேலையப் பாரும்மா. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்," என்றார். அரைமணி நேரத்தில் கேள்வி கேட்டே கொன்றுவிட்டார்.

இர்ஃபானா சலிக்காமல் சொன்னாள். ஆஸ்திரேலியாவில் ஒரு தொப்பிக் கம்பெனி. இங்கிலாந்தில் பள்ளிச் சீருடை தைக்கிற ஒரு கம்பெனி. அவர்கள் ஒரு படத்தை அனுப்புவார்கள். இன்றைக்கு வந்திருந்தது ஒரு பள்ளிக்கூடத்துச் சின்னம், கிளையில் உட்கார்ந்த குருவி. அந்தப் படத்தைப் பார்த்துத் தையல் மிஷின் தைக்காது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த நூல் முதலில், எங்கே நூலை வெட்ட வேண்டும் என்று ஒவ்வொரு குத்தாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் அவள் இங்கிருந்து செய்து அனுப்புகிறாள். அங்கே மிஷின் அதைப் படித்துத் தைக்கிறது. குருவிக்கு மட்டும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் குத்து.

"ஒன்பதாயிரமும் நீயா வைக்கிற?"

"வழிய நான் போடுவேன் மாமா, குத்த அது எண்ணிக்கும். ஆனா எது மேல எது வரணும்னு நான்தான் சொல்லணும்."

பதினோரு மணிக்கு மின்சாரம் போனது. அவள் சட்டென்று விளக்கையும் விசிறியையும் அணைத்து, பேட்டரியை லேப்டாப்புக்கும் நெட்டுக்கும் மட்டும் விட்டாள். அதை அவள் யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போய்ச் செய்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ரெத்தினம் வந்து குரல் கொடுத்தார். ஜெகபர் அலியின் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர். நட்ட சம்பா தண்ணிக்குள் நிற்கிறது, வடிகாலை வெட்டிவிட வேண்டும், வந்து பார்க்கிறீர்களா என்றார். நீங்களே வெட்டிவிட்டுருங்க ரெத்தினம், நான் வேலை பாக்கறதப் பாத்துக்கிட்டு இருக்கேன் என்று உள்ளிருந்தே பதில் போனது. ரெத்தினத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மதியம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு போட்டோ வந்தது. முந்தின வாரம் அவள் அனுப்பியதைத் தொப்பியில் தைத்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே நிரப்பிய நூலுக்கும் வெளிக்கோட்டுக்கும் நடுவில் மயிரிழை போல ஒரு இடைவெளி. இர்ஃபானா உதட்டைக் கடித்துக்கொண்டு, "மாமி, செத்த வாங்களேன்," என்று கூப்பிட்டாள். ரசியா பேகம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"துணி இழுத்துருக்கு புள்ள. கெட்டித்துணி, அடியில புடிப்பு பத்தல. உள்ள நெரப்பறத ரெண்டு பக்கமும் கொஞ்சம் அகலமா விடு. நடுவுல தையல் மூட்டு ஓடுது பாரு, அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் போ. ஓரத்துலேர்ந்து வந்தா நடுவுல வந்து சுருங்கும்."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். இர்ஃபானா அப்படியே மாற்றினாள். ஜெகபர் அலி நோட்டில் எழுதுவதை நிறுத்தியிருந்தார். மாமியும் நீயும் இப்படித்தான் தினமும் பேசிக்கிறீங்களா என்று கேட்டார். நாலு வருசமா என்றாள் அவள். மாமிக்குத் துணி தெரியும், எனக்கு மிஷின் தெரியும் என்றாள். நாலு வருசமாக அடுப்படியில் கேட்ட பேச்சையெல்லாம் அவர் சமையல் பேச்சு என்றே நினைத்திருந்தார்.

அஸருக்குப் பிறகு முன்னறையில் உட்கார்ந்து பத்திரத்தை எழுத ஆரம்பித்தார். மருமகளின் தொழில் பற்றிய பகுதி தடையில்லாமல் வந்தது. தப்பு எப்படி வந்தது என்கிற இடத்தில் பேனா நின்றது. ரசியா பேகம் பக்கத்தில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கட்டும் என்று, எழுதியதை ஜெகபர் அலி வாய்விட்டுப் படித்தார்: "குவைத் குடும்ப விசாவுக்கு நான் எழுதிப் பழகிய வாசகத்தை, வழக்கம் காரணமாக, யோசிக்காமல் எழுதிவிட்டேன்."

"அந்த வழக்கம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எழுதலியா?"

"எங்கேர்ந்து?"

"தொண்ணூத்தாறுல லீவுக்கு வந்தப்ப எனக்கு எழுதுனீங்களே. அதான் மொத தடவ."

அவர் மறந்துதான் போயிருந்தார். இப்போது எல்லாம் வந்தது. பெருநாளுக்கு முந்தின வாரம். ரசியாவின் கால் மிஷினைச் சுற்றித் தெருப் பெண்களின் துணி மலைபோலக் கிடந்தது. தைத்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, இதில் ஒரு கையெழுத்துப் போடு என்றார். கழுத்தில் நூலும் விரலில் ஊசிக்குத்துமாக வந்து, படித்துப் பார்த்துவிட்டுப் போட்டார். தனக்கென்று வருமானம் ஏதும் இல்லாதவர், முழுக்கக் கணவரின் பராமரிப்பில். எண்பத்தேழில் கிள்ளானில் அவர் ஒளிந்து திரிந்த பதினோரு மாதம் வீட்டுக்கு ஒரு காசும் வரவில்லை, ஒரு கடுதாசியும் வரவில்லை. அந்தப் பதினோரு மாதமும் அடுப்பு எரிந்தது அந்த மிஷினால். அது அவருக்கும் தெரியும். தெரிந்த கைதான் அதை எழுதியது.

"பொய்னு ஒனக்குத் தெரியும்ல. அன்னிக்கே ஏன் சொல்லல?"

ரசியா பேகம் உருவிய காம்பை ஓரமாகப் போட்டார். "அப்படி எழுதுனாத்தான் விசா கெடைக்கும்னீங்க. எனக்கு ஒங்ககிட்ட வரணும்னு இருந்துச்சு."

விசா கிடைக்கவில்லை. குடும்பத்தை அழைக்க அவருடைய சம்பளம் போதாது என்று குவைத்தில் திருப்பிவிட்டார்கள். வாசகம் மட்டும் அவர் கையில் தங்கி, ஊரெல்லாம் பரவியது. ரசியா பேகம் குவைத்தைப் பார்க்கவேயில்லை. ஜெகபர் அலிக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். மழை வெளியே ஓட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. ரசியா பேகம் கறிவேப்பிலையை அள்ளிக்கொண்டு எழுந்து போனார், போகிற போக்கில் அவர் தோளில் ஒரு நொடி கை வைத்துவிட்டு.

மறுநாள் அறிவுமதி வக்கீல் புதுப் பத்திரத்தைப் படித்தார். பாதியில் நிறுத்தி ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டு மறுபடி படித்தார். என் மருமகள் இர்ஃபானா, இரண்டு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு, துணியில் பூவேலை தைக்கும் மிஷினுக்கான வழியை வகுத்துக் கொடுக்கும் தொழிலை, என் வீட்டில் இருந்தபடியே ஐந்து வருடமாகச் சுயமாகச் செய்துவருகிறார். அவர் வேலை செய்வதை நான் அருகில் உட்கார்ந்து நேரில் பார்த்தேன். முதல் பத்திரத்தில் நான் எழுதியது உண்மையல்ல. அந்த வாசகத்தை முதன்முதலில் நான் என் மனைவிக்காக எழுதினேன். அப்போதும் அது உண்மையல்ல.

"கடைசி ரெண்டு வரி மலேசியாக்காரங்களுக்கு வேண்டாமே பாய்," என்றார் வக்கீல்.

"சத்தியம் பண்ணச் சொன்னீங்க. பண்ணுறேன். இருக்கட்டும்ங்க."

வக்கீல் முத்திரையை எடுத்துக் குத்தினார். இந்தத் தடவை இர்ஃபானா ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அந்த இரண்டு வரியில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் மாமனாரைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய் மாமியைக் கட்டிக்கொண்டாள்.

கார்த்திகை பிறந்து ஒரு வாரத்தில் பாஸ் வந்தது. அவள் பேரில் ஒன்று, அவளைச் சார்ந்தவராக ஆஷிகாவுக்கு ஒன்று. ஜாஃபர் சாதிக் கடையில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வாடகைக்கு வீடு பார்த்தான். ஜன்னலோரம் ஒரு மேசையும் கம்பி இழுத்த நெட்டும் உள்ள வீடாகப் பாருங்க மச்சான், எனக்கு ஆபீஸ் அதுதான் என்று இவள் இங்கிருந்து உத்தரவு போட்டாள். திருச்சியில் விமானம் ஏற்றிவிட்டு வந்தார்கள். ஆறு நாள் கழித்து ஒரு போட்டோ வந்தது. ஆஷிகா அத்தாவின் மடியில் உட்கார்ந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மகனும் மருமகளும் சும்மா இருக்கவில்லை. கோடை லீவில் நீங்க ரெண்டு பேரும் ஒரு மாசம் வந்து இருந்தே ஆகணும் என்று பிடித்துக்கொண்டார்கள். ரசியா பேகத்தின் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது. தை மாதத்து வெயிலில், வெளியே சம்பா அறுக்கும் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அஸர் நேரத்தில், ஜெகபர் அலி மனைவிக்காகத் தாளை எடுத்து வைத்தார். பெயர், பிறந்த தேதி, அத்தா பெயர் எல்லாம் எழுதிக்கொண்டே வந்தார். தொழில் என்ற கட்டம் வந்தது.

"இங்க என்ன எழுதட்டும்?"

ரசியா பேகம் ஜன்னலோரம் மிஷினில் இருந்தார். "எப்பவும் எழுதறத எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதித் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து போய் மனைவியிடம் நீட்டினார். ரசியா பேகம் காலை மிதியிலிருந்து எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். தையல். சுயதொழில். ரொம்ப நேரம் வாசித்தார், என்னவோ பத்து வரி இருப்பதைப் போல.

"எண்பத்தேழுலேர்ந்துன்னு போடலியே," என்றார்.

அதுக்கெல்லாம் கட்டம் கிடையாது என்றார் ஜெகபர் அலி. ஓகோ என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரசியா பேகம் மிதிக்க ஆரம்பித்தார். மிஷின் கடகடவென்று ஓடியது. ஜெகபர் அலி திரும்பி வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திறந்து, ஃபைலில் கோப்பதற்காக விட்டிருந்த ஓரத்தில், பொடி எழுத்தில், 1987 முதல் என்று எழுதினார்.